நாற்காலிக்குப் பின்னால் நின்றவள்

“அந்த வீடு உத்தரம்வரை பூண்டு நாறியது. ஸ்வெட்டர் போட்ட, வாய் பேசாத மனைவி ஒவ்வொரு வேளையும் என் நாற்காலிக்குப் பின்னால், பழைய ஓவியத்தில் வரும் வேலைக்காரியைப் போல நின்றுகொண்டிருந்தாள். நான் விழுங்கும் ஒவ்வொரு கவளத்தையும் கவனித்தாள். போதும் என்றால் இன்னும் போடு என்று அர்த்தம் செய்துகொண்டாள். நம்மோடு உட்கார்ந்து சாப்பிட அவர்களுக்கு வெட்கம் போலும்.”

ஆங்கிலப் பயண இதழ் ஒன்றின் பிப்ரவரி இதழில் வந்த கட்டுரையின் இரண்டாம் பத்தி இது. மொழிபெயர்ப்பு என்னுடையது. ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இதழின் பெயரையும் ஆண்டையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். கொடுத்தால் தேடிப் பிடித்து எழுதியவன் பெயரைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். அவன் பெயர் இன்னும் நாலு பேருக்குத் தெரிய நான் காரணமாக இருக்கக் கூடாது.

‘அவன்’ என்றுதான் எழுதப்போகிறேன். எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது ‘சார்’ என்றுதான் கூப்பிட்டோம். அந்த மரியாதை பிப்ரவரி இதழோடு முடிந்தது.

அந்த மனைவி என் மனைவி. அந்த வீடு பெருமாள்மலை ஜங்ஷனிலிருந்து கொஞ்சம் மேலே, காட் ரோட்டின் வளைவைப் பார்த்தபடி இருக்கும் எங்கள் வீடு. கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, பின்பக்கம் இரண்டு அறை எடுத்துக் கட்டி, பயணிகளுக்கு விட்டிருந்தேன். அறை என் யோசனை. சாப்பாடு அவளுடையது. அறைக்காக யாரும் இரண்டாம் முறை வந்ததில்லை, சாப்பாட்டுக்காக வந்தார்கள்.

நான் தேதி போட்டு எழுதும் பழக்கம் உள்ளவன். எந்த நாளில் பிளம்ஸ் மரம் முதல் பூ விட்டது, எந்த நாளில் மூடுபனி இறங்கி மதியம்வரை கலையவில்லை, கொல்லையில் வைத்திருக்கும் மழைமானியில் எவ்வளவு தண்ணீர், எல்லாம் என்னிடம் இருக்கிறது. ஆகவே அந்தக் கட்டுரை வந்ததும் முதலில் அதன் தவறுகளைத் திருத்தினேன். தங்கியிருந்த நாளெல்லாம் மழை என்று எழுதியிருந்தான். பெய்தது இரண்டே நாள். யூகலிப்டஸ் தோப்பைச் சோலைக்காடு என்று எழுதியிருந்தான். பெரும்பாறை ஆரஞ்சை எலுமிச்சை என்று எழுதியிருந்தான். இவையெல்லாம் சிவப்பு மையில் அடித்துத் திருத்தக்கூடியவை. இரண்டாம் பத்தியைத்தான் எப்படித் திருத்துவது என்று தெரியவில்லை. அவள் நின்றது உண்மை. பார்த்ததும் உண்மை. ‘போதும்’ என்ற பிறகு போட்டதும் உண்மை.

எங்கள் பக்கத்தில் பரிமாறுகிறவர் உட்காருவதில்லை. உட்கார்ந்தால் எந்தத் தட்டில் என்ன தீர்கிறது என்று தெரியாது. தீர்ந்த பிறகு கேட்டு வாங்கும்படி விருந்தாளியை விடுவது அவமரியாதை. கேட்கும் முன்பு விழ வேண்டும். ‘போதும்’ என்று முதல் தடவை சொல்வது நாகரிகத்துக்கு, இரண்டாம் தடவை சொல்வது பழக்கத்துக்கு. மூன்றாவது ‘போதும்’தான் வயிற்றிலிருந்து வருவது. பத்தலக்குண்டிலிருந்து பழனிவரை யாரிடம் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். அவன் யாரிடமும் கேட்கவில்லை. அவள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. நாள் கணக்கில் அவள் கையால் சாப்பிட்டவன், கிளம்பும்போது என் கையைக் குலுக்கி, ‘உங்கள் மனைவிக்கு நன்றி சொல்லுங்கள்’ என்றான். அவள் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள்.

அவன் தினமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது மலைப்பூண்டுக் குழம்பு. மேல்மலைப் பூண்டின் சிறு பற்களை முழுசாகப் போட்டு, கறுக்கக் காய்ச்சி வைப்பாள். பட்டர் பீன்ஸ் கூட்டு, சௌசௌ பொரியல், மிளகு ரசம் என்று எது வைத்தாலும் அவன் குழம்புச் சட்டியைத்தான் எட்டிப் பார்ப்பான். தட்டை வழித்துத் தின்றவன்தான் ‘நாறியது’ என்று எழுதினான்.

கட்டுரை எங்களுக்கு வந்த வழியும் கேவலம். பெங்களூரிலிருந்து வந்த பயணி ஒருவர் பாராட்டு என்று நினைத்து இதழைக் கொண்டுவந்து கொடுத்தார். அவரை அழைத்து வந்த கைடு அதற்கு முன்பே ஜெராக்ஸ் எடுத்து ஜீப் ஸ்டாண்டில் கொடுத்துவிட்டான். மறுநாள் ஜங்ஷனில் ஜீப் டிரைவர்கள் எங்களுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

“ஏலே, பூண்டு வீட்டுக்கு ரெண்டு பார்ட்டி ஏறுதுடா. கவளத்த எண்ணிப்புடுவாக, சொல்லிவிடு.”

நானும் அவளும் மளிகை வாங்க நின்றிருந்தோம். கடைக்கார பாய் நல்ல மனிதர், எங்களுக்கு வெகுநாள் பழக்கம். நிலைமையைச் சரிசெய்வதாக நினைத்து வாயைத் திறந்தார்.

“அக்கா, ஒங்கள பெயிண்டிங்குன்னு எழுதியிருக்கானாம்ல வெள்ளக்காரன்? நல்லதுதான? பைசா செலவில்லாம ஃபாரின்ல ஒங்க படம்.”

“பாய், மொளக எடை போடுங்க. எனக்குச் சோலி கெடக்கு” என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்து கட்டுரையை வாசிக்கச் சொன்னாள். தமிழில் சொன்னேன். மென்மையாக்கிச் சொல்லலாமா என்று ஒரு நொடி தோன்றியது. ஆனால் மொழிபெயர்ப்பில் பொய் சொல்ல எனக்கு வராது. முழுதும் கேட்டாள்.

“வெக்கமாமா?” என்றாள். “நானா?”

அதன் பிறகு அவள் சாப்பாட்டு அறைக்குள் வரவில்லை. சமைத்தாள், குறையில்லாமல் சமைத்தாள். கதவிடுக்கு வழியே பாத்திரங்களை என்னிடம் நீட்டுவாள், நான் கொண்டுபோய் மேஜைமேல் வைப்பேன். விருந்தாளிகள் தாங்களே எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஓராண்டு இப்படி ஓடியது. பிறகு அறைகளை மூடிவிட்டோம். நான் நினைத்தது அதோடு சரியாகிவிடும் என்று. சரியாகவில்லை. கிறிஸ்துமஸுக்கு அய்யம்பாளையத்திலிருந்து என் தங்கை குடும்பம் வந்தபோதும் அவள் அடுப்படியை விட்டு வரவில்லை. “மதினி, வந்து போடுங்க, நீங்க போட்டாத்தான் எறங்கும்” என்று தங்கை கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள். “நீங்களே போட்டுக்கங்க, எனக்கு நிக்க முடியல, காலு வலி” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. கால் வலி எதுவும் இல்லை. காலை வெள்ளனே எழுந்து சர்ச்சுக்கு நடந்தே போய் வந்தவள்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அவள் மறுபடியும் கரண்டியோடு வெளியே வந்து நிற்க வேண்டும். அதற்கு முன் அவன் ஒருமுறை தலை குனிய வேண்டும். இரண்டாவது நடக்காமல் முதலாவது நடக்காது என்று நான் தீர்மானித்திருந்தேன். சரியா என்று யாரிடமும் கேட்கவில்லை.

ஆண்டுக்கணக்கில் அவனைத் தொடர்ந்தேன். எழுதிய கட்டுரைகளையெல்லாம் வாசித்தேன். எந்த ஊருக்குப் போனாலும் யாரோ ஒருத்தி இவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டான். சுவிட்சர்லாந்தின் தெற்கே வாலே என்கிற மலைப்பகுதி அவனுடைய சொந்த இடம். அங்கே மலைமேல் ஒரு கிராமத்தில், தன் அப்பாவின் பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக்கி, தானே சமைத்துப் போடுகிறான் என்பதை அறை முன்பதிவு செய்யும் இணையதளம் ஒன்றில் பார்த்தேன். படத்தில் கவசத்துணி கட்டிக்கொண்டு சிரித்தான். அன்றைக்குத்தான் எனக்குக் கடவுள்மேல் முழு நம்பிக்கை வந்தது.

எங்கள் மகள் ஜெர்மனியில் வேலை பார்க்கிறாள். வந்து ஒரு மாதம் இருங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கடந்த ஜூலையில் போனோம். போகும் முன்பே மதிப்புரையை எழுதிவிட்டேன். அவனுடைய இரண்டாம் பத்தியையே எடுத்துக்கொண்டு, பூண்டு என்ற இடத்தில் கோடு, மனைவி என்ற இடத்தில் கோடு. அங்கே போய்ப் பார்த்துக் கோடிட்ட இடங்களை நிரப்பி, அவன் விடுதியின் பக்கத்தில் ஏற்றிவிட வேண்டியது. அவனுடைய வாக்கியங்களாலேயே அவனை அடிப்பது. இதைவிடச் சுத்தமான அடி எனக்குத் தெரியவில்லை.

யாருடைய விடுதி என்று அவளிடம் சொல்லிவிட்டு, அறையை அவள் பெயரில் பதிவு செய்தேன். மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தப் பெயர் அவனுக்குத் தெரியாது.

ரயில் ஒரு நீண்ட சுரங்கத்துக்குள் புகுந்து வெளியே வந்தபோது வேறு தேசத்துக்கு வந்துவிட்டது போலிருந்தது. அந்தப் பக்கம் பச்சையும் தூறலும், இந்தப் பக்கம் காய்ந்த சரிவும் வெயிலும். சரிவெங்கும் கல் அடுக்கிய படிகளில் திராட்சைக் கொடி. பள்ளத்தாக்கின் அடியில் பாதரசம் பூசியது போல ஓர் ஆறு. அழகாக இல்லை என்று எழுத ஆயத்தமாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

“பூம்பாறை மாதிரியில்ல இருக்கு?” என்றாள் அவள், கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு. “அங்க பூண்டு, இங்க திராச்சை. படி ஒன்னுதான்.”

“நம்ம ஊருல இவ்வளவு கல்லு ஒழுங்கா இருக்காது.”

“நீங்க எந்தக் கட்சி?” என்றாள்.

கீழே ஊரில் இறங்கி மஞ்சள் பேருந்து ஏறினோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் டிரைவர் மூன்று சுரம் சேர்ந்த ஹாரன் அடித்தார், பாட்டுப் போல. கூட வந்த பயணிகள் இரண்டு பேர் முகம் வெளுத்துத் தலையைப் பிடித்துக்கொண்டார்கள். பத்தலக்குண்டு வண்டியில் பிறந்ததிலிருந்து ஏறி இறங்கிய எங்களை அந்த வளைவுகள் ஒன்றும் செய்யவில்லை. மிகச் சிறிய வெற்றிதான், இருந்தாலும் குறித்துக்கொண்டேன்.

கிராமத்து வீடுகள் வெயிலில் கறுத்த மரத்தால் ஆனவை. தானியக் களஞ்சியங்கள் தரையில் நிற்கவில்லை. குட்டைக் கால்கள்மேல், ஒவ்வொரு காலுக்கும் வீட்டுக்கும் இடையில் வட்டமான தட்டைக்கல் ஒன்று செருகி நிறுத்தியிருந்தார்கள். எலி ஏறினால் கல்லில் முட்டித் திரும்ப வேண்டியதுதான். இதைப் பற்றி முன்பே வாசித்திருந்தேன். ஆனால் அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்தபோது, இதை யோசித்தவன் நல்லவனாகத்தான் இருந்திருப்பான் என்று தோன்றியது. உடனே அந்த எண்ணத்தை அடக்கினேன். மலைவிளிம்பில் மரப்பலகையால் வாய்க்கால் கட்டி, பனிமலைத் தண்ணீரைத் தோட்டங்களுக்குக் கொண்டு வந்திருந்தார்கள். வாசல்தோறும் ஆப்ரிகாட் மரம், பழுத்துத் தொங்கியது. கறுத்த, குட்டையான, நெற்றி அகன்ற மாடுகள் கழுத்து மணியோடு மேய்ந்தன. அவற்றை ஒன்றோடொன்று மோதவிட்டு எது தலைவி என்று பார்க்கும் திருவிழா அங்கே உண்டு. சுவரொட்டி ஒட்டியிருந்தது.

“காளையில்லங்க, பசுவு” என்று சுவரொட்டியைக் காட்டினாள் அவள். “இந்த ஊருல பொம்பளைக முட்டுறாக. நல்ல ஊருதான்.”

அவன் வாசலில் நின்று வரவேற்றான். முடி நரைத்து, வயிறு முன்னுக்கு வந்திருந்தது. என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். எதுவும் நினைவு வரவில்லை. “இந்தியாவா? நான் போயிருக்கிறேன், அற்புதமான நாடு” என்றான். நான் பெட்டியைத் தொப்பென்று வாசலில் வைத்தேன். என் மனைவி சாதாரணமாகக் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை ஒரு பலகையில் காற்றில் உலர்த்திய இறைச்சியைத் தாள்போலச் சீவி வைத்தான். பக்கத்தில் கம்பு மாவில் சுட்டதைப் போன்று கறுத்த, கல்லான ரொட்டி. அது ரை என்ற தானியத்து ரொட்டி. அந்தக் காலத்தில் ஊர்ப் பொது அடுப்பில் ஆண்டுக்குச் சில தடவைதான் சுடுவார்களாம், அடுத்த சூடுவரை அதையே வெட்டித் தின்பார்களாம். பலகையை என் முன் நீட்டி, எடுத்துக்கொள்கிறீர்களா என்றான்.

பகையாளி வீட்டில் நின்றுகொண்டிருந்தாலும் வளர்த்த விதம் போகுமா? “வேண்டாம், வேண்டாம், பரவாயில்லை” என்றேன்.

“சரி” என்று பலகையை எடுத்துக்கொண்டு அடுத்த மேஜையில் இருந்த ஜெர்மன் தம்பதியிடம் போய்விட்டான். என் மனைவியும் என்னைப் பார்த்து ‘வேண்டாம்’ என்று தலையாட்டியிருந்தாள். இரண்டாம் தடவை கேட்பான் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தோம். அவன் மேஜைத் துணியை மடிக்கத் தொடங்கிவிட்டான்.

அறைக்குப் போய், மகளுக்கென்று கொண்டுவந்ததில் மிச்சமிருந்த முறுக்கை இருவரும் கட்டிலில் உட்கார்ந்து கடித்தோம். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“ஒரு தடவ சொன்னதுக்கே எடுத்துட்டுப் போயிட்டானே! மூணு தடவ சொல்லியிருந்தா வீட்ட விட்டே வெரட்டியிருப்பான்போல.”

நான் சிரிக்கவில்லை. தாளை எடுத்து, ‘போதும் என்றால் இன்னும் போடு என்று’ என்ற வரியை அடித்துவிட்டு, ‘வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே அர்த்தம் செய்துகொண்டார்’ என்று எழுதினேன். குற்றச்சாட்டாகப் படிக்க முயன்றேன். முழுதாக அமையவில்லை.

மறுநாள் பகலெல்லாம் வாய்க்கால் கரையோரம் நடந்தோம். முந்தின மாலை அடுத்தவர்களின் தட்டைப் பார்த்து நானும் ஒரு பாடம் கற்றிருந்தேன், எது கொடுத்தாலும் முதல் தடவையே ஆமாம் சொல்வது. அன்றைக்கு ராக்லெட் என்றான். அந்தப் பகுதியின் பெருமை அது. வட்டமான பெரிய சீஸ் கட்டியைப் பாதியாக வெட்டி, வெட்டிய முகத்தை நெருப்புக்குக் காட்டுகிறார்கள். மேல்பரப்பு உருகிக் குமிழ் விடும்போது அகலமான கத்தியால் ஒரே இழுப்பில் தட்டில் வழித்துப் போடுகிறார்கள். கூட வேகவைத்த சின்ன உருளைக்கிழங்கு, காடியில் ஊறிய வெள்ளரிப் பிஞ்சு. அவ்வளவுதான்.

உள்ளதைச் சொல்ல வேண்டும்: அருமையாக இருந்தது. ஓரத்தில் முறுகியிருந்த பகுதியைப் பல்லில் வைத்ததும் என் மதிப்புரையின் பாதி பலம் போய்விட்டது.

அப்போதுதான் அவள் என் முழங்கையை இடித்தாள்.

“ஏங்க. இவன் நிக்கான் பாருங்க.”

பார்த்தேன். கணப்புக்குப் பக்கத்தில் கத்தியோடு நின்றுகொண்டிருந்தான். கண் எங்கள் தட்டுகளின் மேலேயே இருந்தது. ஜெர்மன்காரரின் தட்டு காலியானதும் அவர் தலை தூக்கும் முன்பே அடுத்த வழிப்பு விழுந்தது. பிறகு அவர் மனைவிக்கு. பிறகு எனக்கு. தனக்கென்று ஒரு தட்டு வைத்துக்கொள்ளவே இல்லை. நெருப்புச் சூட்டில் முகம் சிவந்து, வியர்வை காதோரம் இறங்கியது. எங்கள் நாற்காலிகளுக்குப் பின்னால், விழுங்கும் கவளங்களைக் கவனித்துக்கொண்டு.

கண்டுபிடித்தது நானில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். நான் சீஸில் இருந்தேன்.

ஜெர்மன் தம்பதி தட்டைத் தள்ளிவைத்து எழுந்து போனார்கள். நானும் நிறுத்தினேன். அவள் நிறுத்தவில்லை. தட்டு காலியாகும், அவன் வழித்துப் போடுவான். அவள் ஒரு உருளைக்கிழங்கை நாலாக வெட்டி, ஒவ்வொரு துண்டாக, ஜெபமாலை உருட்டுகிற நிதானத்தில் சாப்பிட்டாள். அவ்வளவு மெதுவாக அவள் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. மறுபடி காலியாகும். மறுபடி கத்தி. அவன் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எடையை மாற்றி மாற்றி நின்றான்.

“போதுமே, ஒடம்புக்கு ஆகாது” என்றேன்.

“நீங்க சும்மா இருங்க. நிக்கட்டும்.”

கடைசியில், பயணிகளோடு பழகிப் பழகி வந்த தன் ஆங்கிலத்தில் அவனிடம் கேட்டாள். “சார், ஏன் உட்காரவில்லை?”

அவன் சிரித்தான். “வழிப்பவன் உட்காரக் கூடாது அம்மா. எங்கள் ஊர் வழக்கம். உட்கார்ந்தால் தட்டு தெரியாது. என் அப்பா கடைசி விருந்தாளி எழும்வரை சாப்பிட்டதில்லை.”

அவள் என் பக்கம் திரும்பி, “கேட்டுக்கங்க” என்றாள் தமிழில். பிறகு அவன் பக்கம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். “நீங்கள் என் வீட்டில் உட்கார்ந்தீர்கள். நான் நின்றேன். பெருமாள்மலை.”

அவன் கத்தியைக் கீழே வைத்தான். இந்த நொடிக்காகத்தான் அத்தனை ஆண்டு காத்திருந்தேன். அவன் முகம் மாறுவதைப் பார்த்தேன். வெட்கத்துக்காகக் காத்திருந்தேன். வந்தது சந்தோஷம்.

“பூண்டு வீடு!” என்று கத்தினான். அவள் கையை இரண்டு கையாலும் பிடித்தான். “கடவுளே, அந்தப் பூண்டுக் குழம்பு! நான் உங்களைப் பற்றி எழுதினேன், தெரியுமா? ஓவியத்தில் நிற்பவள் போல என்று. நான் எழுதியதிலேயே சிறந்த வரி!”

அவனுக்கு அது குத்தலாகவே தெரியவில்லை. எங்கள் வீட்டில் ஒரு ஆள் அடுப்படிக்குள் ஒடுங்கிப் போன வரியை இவன் பதக்கம் போல் நெஞ்சில் குத்தி வைத்திருந்தான். வேண்டுமென்று செய்தவனை மன்னிக்கலாம் என்று அப்போது நினைத்தேன். இவனை முடியாது. “அந்த வரியால் என்ன ஆயிற்று தெரியுமா?” என்று ஆரம்பித்தேன். அவள் மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள்.

அவன் கேட்கவும் இல்லை. அந்தக் குழம்பை இங்கே செய்யப் பலமுறை முயன்றானாம், ஒருமுறையும் வரவில்லையாம். புளி கீழே ஊரில் ஆசியக் கடையில் கிடைக்கிறதாம். செய்முறை சொல்வீர்களா, விருந்தாளிகளுக்குப் போட ஆசை என்றான்.

“அதுக்கென்ன, காலையில சொல்றேன்” என்றாள் அவள், முகமெல்லாம் சிரிப்பாக. எனக்கு அவள்மேல் கோபம் வந்தது.

காலையில் அவன் அடுப்படியில் மூவரும் நின்றோம். அவள் தமிழில் சொல்ல, நான் மொழிபெயர்க்க, அவன் பென்சிலால் எழுதிக்கொண்டான்.

“மொத சட்டியில எண்ணெ. கடுகு, வெந்தயம். வெடிச்சதும் புளியக் கரைச்சு ஊத்தணும்.”

“முதல்ல புளியா?” என்றேன்.

“ஆமா, புளிதான் மொத. சொல்லுங்க வெரசா.”

சொன்னேன்.

“கெட்டியா ஊத்தணும். கொதி வந்ததும் பூண்டப் போடணும், பச்சையா, முழுசா. நெறையா. அப்பறம் மூடி வச்சுட்டு நம்ம சோலியப் பாக்கலாம்.”

ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் கொடுத்தேன். ‘முதலில் புளி’ என்பதன் கீழ் அவன் இரண்டு கோடு போட்டான். நன்றி என்று அவளிடமே நேராகச் சொன்னான். முதன்முறையாக அவள் பெயரையும் கேட்டான். முன்பதிவில் இருக்கிறதே என்றாள்.

பேருந்தில் கீழே இறங்கினோம். ரயில் ஏறி, பெட்டியை மேலே வைத்து உட்கார்ந்த பிறகு, பகையாளிக்குக் குழம்பு சொல்லிக் கொடுத்துவிட்டு வருகிறாயே என்று கேட்டேவிட்டேன்.

அவள் ஜன்னல் பக்கமிருந்து திரும்பாமலே சொன்னாள். “இத்தன வருசம் திங்கிறீங்க, அடுப்புப் பக்கம் ஒரு நா எட்டிப் பாத்திருக்கீங்களா? பூண்ட நல்லெண்ணெயில பையப் பைய வதக்கி, அது கொழைஞ்ச பொறவுதான் புளி. புளி மொதல்ல விழுந்துச்சுன்னா பூண்டு வேகாது. எத்தன நாழி கொதிச்சாலும் கல்லுதான். பச்ச வாடையும் போகாது. அவன் வீடு நாறும்.”

கொஞ்ச நேரம் கழித்துச் சேர்த்தாள். “உத்தரம்வரைக்கும்.”

நான் மொழிபெயர்த்தது அந்தத் தப்பான செய்முறையைத்தான். ஒரு சொல் தவறாமல்.

என் பங்குக்கு மதிப்புரையை ஜெர்மனி போய்ச் சேருவதற்குள் முடித்து ஏற்றிவிட்டேன். ஒவ்வொரு வரியும் உண்மை: “அந்த வீடு உத்தரம்வரை சீஸ் மணத்தது. வாய் ஓயாத விடுதிக்காரர் ஒவ்வொரு வேளையும் எங்கள் நாற்காலிக்குப் பின்னால், பழைய ஓவியத்தில் வரும் வேலைக்காரனைப் போல நின்றுகொண்டிருந்தார். நாங்கள் விழுங்கும் ஒவ்வொரு கவளத்தையும் கவனித்தார். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே அர்த்தம் செய்துகொண்டார். எங்களோடு உட்கார்ந்து சாப்பிட அவருக்கு வெட்கம் போலும்.” ‘நாறியது’ என்றுதான் முதலில் போட்டிருந்தேன். உண்மையில் நாறவில்லை. ஆகவே மாற்றினேன். பழிவாங்கும்போதும் என்னால் அதற்கு மேல் போக முடியவில்லை.

இரண்டாம் நாள் அவன் பதில் போட்டிருந்தான். “எவ்வளவு அழகான வர்ணனை! நானும் ஒரு காலத்தில் எழுதியவன். உங்கள் நடை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.” தன் வாக்கியங்கள் என்று தெரியவில்லை. என் அடி அவன்மேல் பூவாக விழுந்தது. அவளிடம் வாசித்துக் காட்டினேன்.

“எழுத்துல அடிச்சா இவனுக்கு ஒறைக்காது” என்றாள். “இவன் ஒரு சாப்பாட்டுராமன்.”

கடந்த கிறிஸ்துமஸுக்கு என் தங்கை குடும்பம் வந்தது. பந்தி உட்கார்ந்ததும் நான் வழக்கம்போலப் பாத்திரம் வாங்க அடுப்படிக் கதவுக்குப் போனேன். “நகருங்க” என்று என்னை ஒதுக்கிவிட்டு, குழம்புச் சட்டியும் கரண்டியுமாக அவளே வந்தாள். தங்கை மாப்பிள்ளையின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“போதும்க்கா” என்றார் மாப்பிள்ளை.

அவள் ஊற்றினாள்.

“ஐயோ, போதும்க்கா!”

இன்னொரு கரண்டி ஊற்றினாள். பூண்டுப் பற்கள் வெண்ணெயாகக் குழைந்திருந்தன.

“கால்வலி எப்படி இருக்கு மதினி?” என்றாள் தங்கை, மெதுவாக.

“அத சுவிட்சர்லாந்துல விட்டுட்டு வந்தாச்சு” என்றாள்.

அவனுடைய விடுதிப் பக்கத்தை நான் இப்போதும் வாரம் ஒருமுறை பார்க்கிறேன். போன மாதம் ஒரு மதிப்புரை வந்திருக்கிறது, ஜெர்மன் மொழியில். மகளிடம் அனுப்பி மொழிபெயர்த்து வாங்கினேன். அறை சுத்தம், காட்சி அழகு, சீஸ் பிரமாதம் என்ற பிறகு, இரண்டாம் நாள் விடுதிக்காரர் பெருமையோடு கொண்டுவந்து வைத்த ‘மிகவும் புளித்த, கெட்டியான துண்டுகள் மிதந்த ஒரு வெளிநாட்டுச் சூப்பை’த் தங்களால் முடிக்க முடியவில்லை என்றும், அந்த வாடை ஊருக்குத் திரும்பியும் போட்டிருந்த கோட்டிலிருந்து போகவில்லை என்றும், அவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்ததால் சங்கடமாகிவிட்டது என்றும் எழுதியிருக்கிறார்கள். நட்சத்திரம் இரண்டு.

அவளிடம் வாசித்தேன். மறுபடி ஒருமுறை வாசிக்கச் சொன்னாள்.

அந்தத் துண்டுகள் பூண்டுதானா என்று மதிப்புரையில் இல்லை. எழுதியவர்களிடம் கேட்டு இரண்டு முறை செய்தி அனுப்பினேன், பதில் வரவில்லை. ஆகவே அது எங்கள் குழம்புதான் என்பது இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.